ஐந்து கடைக்கு ஒரே கூரை: கோட்டாற்றுத் தெரு ஒன்றைச் செப்பம் செய்த கணக்கு

இந்த முறை துலாவருஷம், அதாவது அக்டோபரில் தொடங்கும் மழை, கோட்டாற்றில் நன்றாகவே பெய்தது. எங்கள் தெருவில் ஐந்து கடைகள் சேர்ந்த பழைய ஓட்டு வரிசையில் ஒருவர்கூட ஒழுகலுக்கு வாளி எடுத்து வைக்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் மழை முடியும்வரை பேசாமல் இருந்தேன். தெருச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. சாக்கும் கயிறும் விற்கிற என் கடையும் அதே தெருவில்தான். எதற்கு எவ்வளவு ஆனது, எது வீண்செலவு என்று விவரமாகச் சொல்ல முடியும். உங்கள் ஊரிலும் பழைய கடைத்தெரு ஒன்று இடிந்துகொண்டிருந்தால் பயன்படலாம்.

கோட்டாறு கம்போளத்தை (கடைவீதியை) குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: நாகர்கோவில் இன்றைய நகரமாக வளர்வதற்கு வெகு காலம் முன்பே வியாபாரம் நடந்த இடம் இது. சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து, அந்தக் காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி எழுதிய கொட்டியாரா நம்ம கோட்டாறுதான், சோழர்கள் வைத்த பெயர் மும்முடிச் சோழநல்லூர் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். பெருமை இருக்கட்டும். எங்கள் தெருவில் இன்று நிற்பவை திருவிதாங்கூர் ராஜ்யத்தின் கடைசிக் காலத்துக் கட்டடங்கள். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தையவை. பழைய ஆதாரங்கள் (சொத்துப் பத்திரங்கள்) மலையாளத்தில் எழுதியிருப்பதால் இளவட்டங்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

வரிசையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கடையும் 10 அடி அகலம், 24 அடி ஆழம். ஐந்துக்கும் சேர்த்து ஒரே முகடு, தெருப்பக்கம் ஒரு சரிவு, பின்பக்கம் ஒரு சரிவு. கடைக்கும் கடைக்கும் நடுவே ஒரே சுவர்தான். இரண்டு கடையின் உத்திரமும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். சுவரில் பாதி எனக்கு, பாதி உனக்கு என்று ஆதாரத்திலேயே இருக்கிறது. பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரைத் தேடிப்பிடித்து வாசிக்கச் சொன்னபோதுதான் இது எங்களுக்கே உறுதியானது.

2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் அடித்தபோது மூன்றாவது, நான்காவது கடைகளின் ஓடு பறந்தது. அவசரத்துக்கு அந்த இரண்டு பேரும் தகர ஷீட் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் ஓடும் ஷீட்டும் சேர்கிற இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்தது. தாரை உருக்கி ஊற்றினார்கள், சிலிக்கான் பசை வைத்தார்கள். வெயிலில் ஷீட் நீளும், இரவில் சுருங்கும். எந்தப் பசை நிற்கும்? இரண்டாவது கடைக்காரர் தன் பக்கத்து ஓட்டை இரண்டு தடவை மாற்றினார். தண்ணீர் மூன்றாவது கடைச் சரிவிலிருந்து வந்தது. ஐந்தாவது கடை சொத்து வழக்கில் பூட்டிக் கிடந்தது. அதன் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) நுனிகளில் சிதல் (கரையான்) ஏறி நான்காவது கடைச் சுவருக்கு வந்துவிட்டது. தன் கடையை மட்டும் யாரும் சரிசெய்ய முடியாத நிலைமை. எங்கள் சங்கம் உருப்படியாகச் செய்த வேலைகள் எல்லாம் இப்படி இரண்டு பேருக்குப் பொதுவான இடத்தில் நடந்தவைதான்.

ஆனால் தொடங்கியது அங்கே இல்லை, பெயின்டில். சங்க உறுப்பினர் ஒருவர் புதுச்சேரி போய் வைசியாள் வீதியைப் பார்த்துவிட்டு வந்தார். பழைய வீட்டு முகப்புகளைச் சீரமைத்ததற்காக 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வாங்கிய தெரு அது. கைப்பேசியில் படம் காட்டினார், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. படத்தில் தெரிந்தது நிறம். அந்த நிறத்துக்கு முன்னால் நடந்திருக்கும் வேலை படத்தில் தெரியாதே. சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3 அன்று முடியும். கூட்டம் வருவதற்குள் தெருவைப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று நவம்பரில் எல்லாக் கடை முகப்புக்கும் ஒரே மஞ்சள் நிறத்தில் எமல்ஷன் அடித்தோம். 84,000 ரூபாய். திருவிழாவுக்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த இடவப்பாதியில் (ஜூன் மழையில்) சுவர் முழுக்கக் கொப்புளம்; விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர். குமரியில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. நனைந்த சுண்ணாம்புச் சுவரை நவம்பரில் பிளாஸ்டிக் பெயின்ட் போட்டு மூடினால் சுவர் எப்படிக் காயும்? இங்கே சுவர் வேலைக்குத் தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைதான் நேரம். சித்திரையில் கோடை மழை இடிக்க ஆரம்பித்துவிடும்.

பெயின்ட் போன பிறகு சங்கத்தில் ஆளுக்கொரு பேச்சு. அப்போதுதான் சங்கத்தையே முறையாகப் பதிவு செய்யும் எண்ணம் வந்தது. அதுவரை ஒரு நோட்டுப் புத்தகமும் மாதம் 100 ரூபாய்ச் சந்தாவும்தான் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். விதிமுறைகளை எழுதி, கையெழுத்து வாங்கி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். பதிவு வந்ததும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டோம். சந்தாவை 200 ஆக்கினோம். கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் வெளிநாட்டில் இருக்கிற ஒரு கட்டட உரிமையாளர் தனி ஆள் கணக்கில் பணம் போட மாட்டேன் என்றவர், சங்கக் கணக்கு எண் கொடுத்த வாரமே அனுப்பிவிட்டார்.

அடுத்தது கூரைச் செலவை யார் எவ்வளவு கொடுப்பது. இதில்தான் அதிக நாள் போனது. சேதம் எங்கே அதிகமோ அவர் அதிகம் கொடுக்கட்டும் என்றார் முதல் கடையின் உரிமையாளர். அவர் பக்கம் ஓடு நன்றாக இருந்தது. ஷீட் போட்ட இருவரோ தங்கள் கடை ஒழுகவில்லை என்றார்கள். அதுவும் உண்மை, ஒழுகியது பக்கத்துக் கடையில். கடைசியில் தெருமுகப்பு அகலத்தை வைத்து அடிக்கு இவ்வளவு என்று முடிவானது. நீளம் மொத்தம் 50 அடி. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் யாரும் தகராறு செய்ய முடியாத அளவு அது.

வாடகைச் சிக்கல் அதைவிடப் பெரியது. இரண்டாவது கடையின் மாத வாடகை 350 ரூபாய். அப்பா காலத்து வாடகை. அந்த வாடகைக்கு உரிமையாளர் எதற்குக் கூரை மாற்ற வேண்டும்? நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் போய்விடும் பணத்தைக் குத்தகைக்காரர்தான் எதற்குப் போட வேண்டும்? கூரைப் பங்கு ஒரு கடைக்கு 26,000 என்று வந்தது. மாதம் 350ஐ முழுவதும் கழித்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். சங்கத்தில் உட்கார்ந்து பேசி வாடகையை 1,500 ஆக்கினோம்; அதில் 750 ரூபாயைப் பழுதுச் செலவுக்குக் கழித்துக்கொள்வது, ஐந்து வருடம் காலி செய்யச் சொல்லக் கூடாது. மூன்று வருடத்துக்குள் கணக்குத் தீர்ந்துவிடும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தின்படி வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். அதைச் சாக்காக வைத்தே இரு தரப்பையும் உட்கார வைத்தோம். வழக்கில் கிடந்த ஐந்தாவது கடையின் பங்கைச் சங்கம் முன்பணமாகப் போட்டது. கட்டடம் யாருக்குத் தீர்ப்பானாலும் அவர் திருப்பித் தருவார் என்று வழக்கின் இரு தரப்பிடமும் எழுதி வாங்கியிருக்கிறோம்.

ஒரு வழியாகத் தை மாதம் கூரையைப் பிரித்தோம். ஆசாரி எழுபது தாண்டியவர், தெருவே அவரைப் பாட்டா என்றுதான் கூப்பிடும். ஏணியில் ஏறி ஒரு நடை பார்த்துவிட்டு இறங்கி, "அண்ணாச்சி, ஓடு குத்தமில்ல. வெள்ளம் போவதுக்கு வழி இல்ல, அதாக்கும் காரியம்" என்றார். வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் தண்ணீர். அவர் சொன்னதன் முழு அர்த்தம் தெருவோர வடிகால் ஓடையைத் தோண்டியபோதுதான் விளங்கியது.

கூரைப் பரப்பு இரண்டு சரிவுக்கும் சேர்த்து 1,600 சதுர அடி. மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 15 பிடிக்கும்; மொத்தம் 2,200க்குக் கொஞ்சம் மேல். ஷீட் போட்ட பகுதிக்கும் உடைந்தவற்றுக்கும் 1,150 ஓடு தேவைப்பட்டது. புது ஓடு வாங்கவில்லை. பக்கத்து ஊர்களில் பழைய வீடுகளை இடிக்கிறார்கள். அங்கேயே போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தோம். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல். ஓட்டுக்கு 20 ரூபாய். எந்தத் தொழிற்சாலை ஓடு என்று முதுகில் அச்சு இருக்கும். அதைப் பார்த்து ஒரே அச்சாக எடுங்கள். நாங்கள் இரண்டு அச்சைக் கலந்து வாங்கிவிட்டோம். அளவில் அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றின் காதில் இன்னொன்று உட்காரவில்லை. பின்சரிவுக்கு ஒரு அச்சு, முன்சரிவுக்கு ஒரு அச்சு என்று பிரித்து அடுக்கிச் சமாளித்தோம்.

கழுக்கோல் மொத்தம் ஐம்பத்திரண்டில் பதினான்கை மாற்ற வேண்டியிருந்தது. 4 அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம், 16 அடி நீளம், அயனி மரம். கன அடி 1,800 ரூபாய்; 28,000 ஆனது. தேக்கு வாங்கக் காசில்லை. அயனி நம் மலையோர மரம், படகுக்கே போடுவார்கள், சிதல் சீக்கிரம் தொடாது. கழுக்கோலின் குறுக்கே அடிக்கும் ரீப்பர் 800 அடி, அடிக்கு 22 ரூபாய். ரீப்பருக்கும் ரீப்பருக்கும் இடைவெளி பன்னிரண்டரை அங்குலம் என்று புத்தகக் கணக்கு. பாட்டா நாலு ஓட்டை அடுக்கிப் பார்த்து, ஒரு குச்சியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குச்சியாலேயே அளந்து அடித்தார். டேப்பைத் தொடவே இல்லை. சுவருக்குள் போகிற கழுக்கோல் நுனிகளுக்குக் கொல்லாங்கொட்டை எண்ணெய் (முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது) காய்ச்சி இரண்டு தடவை பூசினோம். கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள், தோல் வெந்து உரியும். உதவிக்கு வந்த பையனுக்கு முழங்கையில் பட்டுப் புண் ஆற வெகுநாள் ஆனது.

எல்லாம் சேர்ந்து கூரைக்கு 1,45,000 ஆனது, அதில் கூலி மட்டும் 62,000. பிரித்த ஷீட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டதில் 15,000 திரும்ப வந்தது. பாக்கி 1,30,000ஐ ஐம்பதால் வகுத்தால் அடிக்கு 2,600. முழுக்க ஷீட் போட்டால் எவ்வளவு என்று முன்பே விசாரித்திருந்தோம். இரும்புச் சட்டத்தோடு இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். பழமை வேண்டும் என்பவர்களும் செலவு குறைய வேண்டும் என்பவர்களும் ஒரே பக்கம் கை தூக்கிய தீர்மானம் இது ஒன்றுதான்.

சுவருக்கு வருகிறேன். பழைய கல்சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் எல்லாம் வெவ்வேறு காலத்தில் சிமெண்டு பூசியிருந்தார்கள். அந்தச் சிமெண்டு தட்டினால் பலகை பலகையாக விழுந்தது. பின்னால் சுவர் ஈரம் சொட்ட இருந்தது. முழுவதும் கொத்தி எடுத்தோம். சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி, காலியாகக் கிடந்த கிட்டங்கியின் (சரக்குக் கிடங்கின்) பின்னால் 6 அடிக்கு 4 அடி குழி வெட்டி நீற்றி, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரம் போட்டுவைத்தோம். இன்னொரு பக்கம், சுண்ணாம்பில் சேர்ப்பதற்காக, 200 லிட்டர் டிரம் தண்ணீரில் உடைத்த கடுக்காய் 5 கிலோ, கருப்பட்டி 5 கிலோ ஊறியது. ஒரு வாரத்தில் அந்த வாசனைக்குத் தெரு முழுக்க ஈ.

மணல்தான் தொந்தரவு. ஆற்று மணல் கிடைக்கவில்லை, கல்லை அரைத்துச் செய்யும் எம் சாண்ட் வாங்கினோம். முதலில் பூசிய ஒரு தூண் மறுநாளே முடி முடியாக வெடித்தது. கொத்தனார் எம் சாண்டை ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி வைத்தார். தெளிந்தபோது மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெறும் தூசி. அப்புறம் மணல் முழுவதையும் அலசி, சலித்து எடுத்தோம். முதல் பூச்சு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, அரை அங்குலக் கனம். மேல் பூச்சு ஒன்றுக்கு ஒன்றரை, நைசாக, கால் அங்குலம். வெயில் நேரடியாகப் படாமல் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரம் காத்தோம். சாக்கு என் கடையிலிருந்து போனது, கணக்கில் எழுதவில்லை. பூச்சு வேலைக்கு 38,000. வெள்ளையும் சுண்ணாம்பிலேயே அடித்தோம், கொஞ்சம் காவி கலந்து.

நான்காவது கடை மட்டும் இதற்கும் அடங்கவில்லை. ஒரு காலத்தில் அது உப்பும் கருவாடும் வைத்திருந்த கிட்டங்கி. சுவரில் ஆள் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைப் பூ பூத்துக்கொண்டே இருந்தது. நாக்கில் வைத்தால் உப்பு. அந்த உயரம்வரை பூச்சை எடுத்துவிட்டு, பழைய நாளிதழை ஊறவைத்து அரைத்த கூழை ஒரு அங்குலக் கனத்துக்கு அப்பினோம். அது காயும்போது சுவருக்குள் இருக்கிற உப்பைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் உரித்துப் போட்டுவிட்டு மறுபடி. உரித்ததைச் சுவரோரம் போடாதீர்கள், வந்த உப்பு வந்த வழியே திரும்பிவிடும். உப்பு குறைந்தது, முற்றிலும் போகவில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் மணல் அதிகமான, இளகிய சுண்ணாம்புப் பூச்சு பூசியிருக்கிறோம். சில வருடத்தில் அது உதிரும். மறுபடி பூச வேண்டியதுதான். கடைக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிட்டோம்.

இனி வெள்ளம் போகிற வழி. கடைகளின் தரை சாலையைவிட 9 அங்குலம் தாழ்ந்திருந்தது. கடை தாழவில்லை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவே வந்தது. அதற்கு முன்பே எங்கள் தெரு உயர்ந்து முடிந்திருந்தது. கடை வாசலைத் தோண்டியபோது இரண்டு கருங்கல் படிகள் முழுசாக உள்ளே கிடந்தன.

ஓடைக்கு நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பித்தோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மிச்சத்தை அரசு தருகிற திட்டம். 300 அடிக்கு மூடியோடு ஓடை, மதிப்பீடு 6 லட்சம். எங்கள் பங்கு 2 லட்சம். திறந்திருந்த 25 கடைகள் தலா 5,000 கொடுத்தன. மீதி 75,000 இந்தத் தெருவில் பிறந்து வெளியூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களிடமிருந்து வந்தது. தனிக் கடைக்காரர் யாரும் இந்தத் திட்டத்தில் தன் வாசலுக்கு மட்டும் ஓடை கேட்டுவிட முடியாது, சங்கம் இருந்ததால் கேட்டோம்.

விண்ணப்பிக்கும் முன் நாங்களே மட்டம் பார்த்தது நல்லதாகப் போயிற்று. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும். வரிசை வாசலிலிருந்து பெரிய ஓடைவரை 14 அங்குலம் இறக்கம் இருக்கிறது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் பழைய ஓடையின் அடித்தளம் 4 அங்குலம் மேடாக இருந்தது. எத்தனையோ வருடமாகத் தூர்வாரியும் தண்ணீர் தேங்கியதன் காரணம் அந்த மேடு. அதைக் குறிப்பிட்டு வரைபடத்தோடு கொடுத்ததால் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

கூரைத் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோக முன்சரிவின் கீழே 50 அடிக்கு அலுமினியப் பாத்தி (மழைநீரைப் பிடிக்கும் தொட்டி வாய்க்கால்), ஒரு முனையில் 4 அங்குலக் குழாய். 31,000. முதல் பெருமழையில் நடுவில் வழிந்து இரண்டாவது கடையின் அரிசி மூட்டை நனைந்தது. ஒரே பக்கச் சரிவு 50 அடிக்குப் போதவில்லை. பாத்தியைக் கழற்றி, நடுவை உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்து, மறுமுனையில் இன்னொரு குழாய் வைத்தோம். கூடுதல் 3,800. அதோடு நின்றது.

நிரைப்பலகைகளைப் பற்றிச் சொன்னால்தான் தெருவில் பாதிப் பேருக்குத் திருப்தி. பழைய கடைகளுக்குக் கதவு கிடையாது; 7 அடி உயரப் பலகைகளைக் காடியில் ஒவ்வொன்றாக நிறுத்தி அடைப்பார்கள். ஒரு கடைக்குப் பதின்மூன்று பலகை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்தான் உட்காரும். தினமும் காலையில் பதின்மூன்றைத் தூக்கி வைக்க இன்று யார் தயார்? இரண்டு கடைகளில் ஷட்டர் போட்டுவிட்டுப் பலகையை மச்சில் போட்டிருந்தார்கள். பழையபடியே வேண்டும் என்றது ஒரு கட்சி, ஷட்டரே போதும் என்றது இன்னொன்று. பாட்டா ஒரு வழி சொன்னார்: மும்மூன்று பலகையாகக் கீல் வைத்து மடக்குக் கதவாக்குவது, ஒரே ஒரு பலகை மட்டும் பழையபடி காடியில் இறங்கும், பூட்டு அதில். அடியில் மக்கியிருந்த அரை அடியை வெட்டிப் புது அயனி ஒட்டினார். பித்தளைக் கீல் உட்பட ஐந்து கடைக்கும் 46,000. பழமை கெட்டுவிட்டது என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. தினமும் திறந்து மூடுகிறவர்கள் சொல்வதில்லை.

விளம்பரப் பலகையில் வந்த எதிர்ப்பை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. முகப்பை மறைத்துக்கொண்டிருந்த ஃபிளெக்ஸ் பலகைகள் எதற்கும் கடைக்காரர் காசு கொடுத்ததில்லை. பிஸ்கட், பெயின்ட், சிம் கார்டு கம்பெனிகள் தங்கள் பெயரைப் பெரிதாகவும் கடைப் பெயரைச் சின்னதாகவும் போட்டு இலவசமாக மாட்டிவிட்டுப் போனவை. இலவசத்தைக் கழற்றிவிட்டுக் காசு கொடுத்து வேறு மாட்டச் சொன்னால் எப்படி? இறவாரத்துக்குக் கீழே, இரண்டு அடிக்கு மேல் உயரம் கூடாது, கையால் எழுதியது, முதல் பலகை சங்கச் செலவு என்றோம். எழுதும் ஓவியர் ஒருவர் இன்னும் இடலாக்குடிப் பக்கம் இருக்கிறார், பலகைக்கு 2,500. ஐந்தில் நான்கு பேர் மாறிவிட்டார்கள். ஐந்தாமவரை வற்புறுத்தவில்லை.

பழுது பார்த்ததால் மட்டும் ஆட்கள் வந்துவிடவில்லை, இதையும் சொல்ல வேண்டும். வந்த வாடிக்கையாளர்கள் நிற்க இடமில்லை. பகல் முழுக்க லாரி. சுமைதூக்கும் தொழிலாளர்களோடு பேசி, சரக்கு இறக்குவதைக் காலை 9 மணிக்குள் முடிப்பது என்று ஒப்புக்கொண்டோம். அதற்காக அதிகாலைக் கூலி மூட்டைக்கு ஒரு ரூபாய் கூடியது. அது நியாயமான கேட்பு. இன்னொன்று கழிப்பறை. துணி எடுக்க, பாத்திரம் எடுக்க வருகிற பெண்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஏன் என்று தெருவில் பாத்திரக்கடை நடத்தும் அக்கா ஒருவர் சொல்லும்வரை கூட்டத்தில் யாரும் யோசிக்கவில்லை. காலிக் கிட்டங்கியின் ஒரு மூலையில் 72,000 செலவில் இரண்டு அறை கட்டினோம். ஒரு தடவைக்கு 5 ரூபாய். சுத்தம் செய்பவரின் சம்பளத்தில் பாதி அதிலேயே வந்துவிடுகிறது. மொத்தச் செலவிலும் வியாபாரத்துக்கு அதிகம் உதவியது இந்த 72,000 என்பது என் கணிப்பு. வரிசையில் பூட்டிக் கிடந்த முதல் கடையில் இப்போது ஒரு மசாலா அரவை மில் வந்திருக்கிறது. ஐந்தாவது கடையை, இரு தரப்பும் சம்மதித்து, வாடகையை நீதிமன்றத்தில் கட்டும் ஏற்பாட்டில் திறந்திருக்கிறோம்.

அடுத்த வரிசைக்கு வரிசைமுறையை மாற்றுகிறோம். முதலில் மட்டம் பார்த்து ஓடை, பிறகு கூரை, பாத்தி, ஒரு மழைக்காலம் கழியும்வரை நனையாமல் காயவிட்டு அதற்கப்புறம்தான் சுவர். நிறம் கடைசி. எம் சாண்டை வாங்கும்போதே அலசியதாக வாங்க வேண்டும், லோடுக்கு 600 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. ஓட்டின் அச்சை ஒரு ஆள் பொறுப்பில் விட வேண்டும். சுண்ணாம்புக் குழியை மூடவில்லை, புதுச் சரக்கு நீறிக்கொண்டிருக்கிறது. கழுக்கோலுக்கு மரக்கடையில் முன்பணம் கொடுத்தாயிற்று. ஆறு கடை, ஒன்பது உரிமையாளர்கள். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒன்பதாமவர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாராம். ஷீட்தான் போட வேண்டும் என்பவர் அவர். ஷீட் போய் ஓடு வந்திருக்கிற நான்காவது கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார வைத்துப் பேசலாம் என்று இருக்கிறோம்.